பாக்கி இருந்த ஒரு சத்தம்

மேலக்கரட்டுத் தவமணியின் துப்பாக்கிக்குச் சத்தமே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள், அது தப்பு. சத்தம் உண்டு, நல்ல கெட்டியான சத்தம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரட்டடிக் குவாரியில் சுட்டால் அது செவ்வாய்க்கிழமை மத்தியானமோ வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்திலோ ஊருக்குள் யார் வீட்டிலாவது, அடுப்படியிலோ மாட்டுக்கொட்டத்திலோ, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் பேச்சின் நடுவில் வந்து வெடிக்கும், அவ்வளவுதான் சங்கதி, இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தவமணியும் அதில் வாயைப் பிளந்ததில்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, அதுவும் சத்தத்தின் மேல் அல்ல, ஊரின் மேல்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக்கடை வைத்திருந்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கினதிலிருந்து ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணைத் திறக்கச் சொல்லி, இது தெளிவா முன்னால போட்டது தெளிவா என்று கேட்டு, ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது என்பவர்களிடம் திரும்பவும் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சாவி எங்கே, சட்டை எங்கே, ஊறப்போட்ட உளுந்து எங்கே என்று வீடு அவளைக் கேட்க, கேட்பதும் கேட்கப்படுவதுமாகவே நாற்பத்தெட்டு வயதுக்கு வந்து சேர்ந்தவள் ஒருநாள், காலேஜில் படிக்கும்போது என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து ரைபிள் சுட்டதை நினைத்துக்கொண்டாள். சுட்டதைக்கூட அல்ல, சுடுவதற்கு முந்தின அந்த நிமிஷத்தை. மூச்சைப் பாதி விட்டுப் பாதி நிறுத்தி, விரல் பட்டும் படாமலும் இருக்கும்போது உலகத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்காத அந்த நிமிஷத்தை. அது வேண்டும் என்று தோன்றியது. மனுப் போட்டாள்.

"யாரு மேலம்மா கோவம்?" என்று தாலுகா ஆபீஸில் கேட்டார்கள்.

"காகிதத்து மேல" என்றாள்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி பக்கத்திலேயேதான் நின்றார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், கம்பத்தில் ஏறும்போதுகூடப் பதறாத மனிதர், அன்றைக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. விசாரணை, வைத்தியர் சான்று, ரைபிள் கிளப்பில் சேர்ந்த சான்று என்று அலைக்கழித்து ஒருவழியாக லைசென்ஸ் வந்து, அதற்குப் பின்னால் பிஸ்டலும் வந்தது. பாயிண்ட் டூ டூ. ஒரு கிலோ தக்காளிப் பையைவிட லேசு. தோட்டா ஒவ்வொன்றும் சட்டைப் பித்தானுக்குள் அடங்குகிற பருமன், பின்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற ரகம், காகிதத்தில் ஓட்டை போடுவதைத் தவிர அதைக் கொண்டு செய்ய ஒன்றுமில்லை. தவமணிக்கும் வேறெதுவும் செய்கிற எண்ணமில்லை.

கல் எடுத்து முடிந்து கைவிட்ட குவாரிதான் கிளப்பின் மைதானம். மூன்று பக்கமும் பாறைச் சுவர், பாறைக்கு முன்னால் மண்மேடு, மண்மேட்டுக்கு முன்னால் கட்டையில் குத்திய வட்டம் போட்ட காகிதம். ரிட்டயர்டு ஏட்டு மாரிச்சாமிதான் பொறுப்பாளர், சொல்லிக் கொடுக்கிறவர், நிழலுக்குக் குடை பிடிக்கிறவர் எல்லாம். கைக்குப் பக்கத்திலிருக்கும் துப்பாக்கி முனைக் குறியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், தூரத்துக் காகிதம் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும், அதை விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது, தூரத்தைத் தெளிவாக்கியே பிழைப்பு நடத்தும் தவமணிக்கு யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. மூச்சைப் பாதி விட்டாள். இழுத்தாள். கை உதறியது, வெற்றுத் தோட்டாக்கூடு தெறித்து விழுந்தது, காகிதத்தில் ஓட்டை விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"தோட்டா நமத்துப் போச்சோ?" என்றார் மாரிச்சாமி.

"ஓட்டை விழுந்திருக்கே ஏட்டையா."

"ஆமா, விழுந்திருக்கு" என்றார் அவர். காதைக் குடைந்துகொண்டார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. சரி, ஊருக்குத் தொந்தரவில்லாத துப்பாக்கி என்று தவமணி சந்தோஷமாக வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தாள். அவள் சந்தோஷமாக இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை அது.

செவ்வாய்க்கிழமை செங்கல் சூளைக்காரர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்து, "எங்க பயலுக்குக் குடி, சிகரெட்டு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கூடத்து உத்தரத்துக்குக் கீழே, எல்லோர் தலைக்கும் மேலே, 'டப்' என்று வெடித்தது. யாரும் ஓடவில்லை. பேச்சின் நடுவில் பல்லி சொன்னால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள், ஆளுக்கொரு விரலை மடக்கித் தரையைத் தட்டினார்கள். "பல்லி சொல்லிருச்சு" என்றார் ஒருவர். "இம்புட்டுச் சத்தமாவா?" என்றார் இன்னொருவர். "பெரிய பல்லியா இருக்கும்" என்று முடிவானது, வெடிமருந்து வாடையோடு மிச்சப் பஜ்ஜியைத் தின்றார்கள், அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த சத்தம் மாரிச்சாமி வீட்டிலேயே வந்தது. "இந்த மனுசன் வாயத் தொறந்தாப் பொய்தான்" என்று அவர் சம்சாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி முடிக்கவும் கொடியில் காய்ந்த வேட்டிக்குப் பின்னால் 'டப்'. மாரிச்சாமி சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார், முப்பது வருஷம் கேட்ட காது, "இது பல்லியில்லடி, பாயிண்ட் டூ டூ" என்றார், "தவமணி ஞாயித்துக்கெழம சுட்டது." அவர் சம்சாரம் அதை ஒத்துக்கொண்டாள், எதிலிருந்து வந்தால் என்ன, சொன்னது சொன்னதுதானே என்றாள், அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடவில்லை.

இப்படித்தான் அது ஊருக்குள் வந்து உட்கார்ந்தது. எந்தப் பேச்சின் மேல் சத்தம் விழுகிறதோ அந்தப் பேச்சு நிஜம், மறுபேச்சு இல்லை. பாவம், நிஜப் பல்லிகளை யாரும் மதிப்பதில்லை என்றாகிவிட்டது, அவை சுவரில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டதாகக்கூடப் பேச்சு. பெண்பிள்ளைகளின் சடங்கை, நிலத்துத் தாவாவை, பங்குப் பேச்சை எல்லாம் தவமணி சுட்ட வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை வைவது சிரமமாகிவிட்டது, "நாசமாப்..." என்று ஆரம்பித்து, மேலே பார்த்து, "...போகாம நல்லாயிருடா கழுத" என்று அதே கோபத்தோடு முடித்தார்கள். ஊமைக்குசும்பு பேசுகிறவர்கள் அடங்கிப் போனார்கள். பொய் சொல்கிறவர்களோ முன்னைவிட இரண்டு மடங்கு பேசினார்கள், ஏனென்றால் நிறையப் பேசுகிறவன் பேச்சின் மேல்தான் சத்தம் விழ வாய்ப்பு அதிகம், மாட்டுத்தரகன் ஒருவன் மலட்டுப் பசுவைப் பிடித்துக்கொண்டு இது பால் பசு பால் பசு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே நின்று ஒருநாள் சாதித்தும் விட்டான், வாங்கினவன் இன்னும் அதற்குப் புல் போடுகிறான், கறக்காதது தன் கைக்கோளாறு என்று நம்புகிறான்.

கடைக்குக் கண் காட்ட வருகிறவர்கள் தவமணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மேல் வரிய வாசிங்க."

"வாசிக்கிறேன் தாயி. வர்ற ஞாயிறு சுடுவீகள்ல?"

"மேல் வரி."

"இல்ல, தெக்குத் தெருவுக்கு இன்னும் ஒரு சத்தங்கூட வரல, எல்லாம் வடக்கயே விழுகுது, மேட்டுப் பக்கம் தண்ணி ஏறாத மாதிரி. கொஞ்சம் தெக்க பாத்துச் சுட்டா என்ன?"

"மண்மேடு மேற்க இருக்கு. மேற்கதான் சுட முடியும். மேல் வரி என்ன எழுத்து?"

"ஏதோ ஒண்ணு. நீங்க மனசு வச்சா நடக்கும்."

தெற்குத் தெருக்காரர்கள் வார்டு மெம்பரிடம் மனுக்கூடக் கொடுத்தார்கள். சத்தத்தையாவது சட்டப்படி நிறுத்த முடியுமா என்று தவமணி தாலுகா ஆபீஸுக்குப் போனபோது, துப்பாக்கிக்கு நம்பர் இருக்கு, தோட்டாவுக்குக் கணக்கு இருக்கு, சத்தத்துக்கு லைசென்ஸில் எடமே இல்லையேம்மா, நாங்க என்னன்னு எழுத என்று கையை விரித்தார்கள். ஒரு ஞாயிறு சுடாமல் வீட்டில் இருந்து பார்த்தாள், வாசலில் கூட்டம் வந்துவிட்டது, நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம், ஊர் நம்பியிருக்கிறது, உனக்கென்ன நோவு என்று கேட்டது. "பேசாம ஒரு தையல் மிஷின் வாங்கியிருக்கலாம்ல தவம்?" என்றார் சௌந்தரபாண்டி. "யாரும் ஒண்ணும் கேக்காத அரைமணி நேரம், நான் கேட்டது அது ஒண்ணுதாங்க" என்றாள், "அதுக்கு ஊரே கூடி வந்து கேக்குது." அவர் வாசலுக்குப் போய் வெத்தலை பாக்குக் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவைத்தார். அடுத்த ஞாயிறு அவள் ஆத்திரத்தோடு போய்ச் சுட்டாள், ஆத்திரத்தில் ஒன்றுகூட வட்டத்துக்குள் விழவில்லை, மூச்சைப் பாதியில் நிறுத்தினால் அந்த நிறுத்தத்துக்குள்ளேயே ஊர் வந்து உட்கார்ந்து இது யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டது.

இந்த நிலையில்தான் மந்தையம்மனின் கண்மலர் காணாமல் போனது.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒரு வாரம் இருக்கும்போது நகைப்பெட்டியைத் திறந்தார்கள். நெத்திச்சுட்டி இருந்தது, ஒட்டியாணம் இருந்தது, அம்மன் முகத்தில் பதிக்கிற வெள்ளிக் கண்கள் இரண்டும் இல்லை. சாவடியில் ஊர் கூடியது. தர்மகர்த்தா சோலைமலை கெட்டவர் அல்ல, அவசரக்காரர், பூட்டியிருக்கிற கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தேடுகிறவர். அவர் எழுந்து, "சாவி என் இடுப்புல. உள்ள போய் வர்றது பூசாரி, அவரு விரதக்காரரு. மிச்சம் யாரு? வெளக்குத் தேய்க்க வர்ற பஞ்சவர்ணம். அப்ப பஞ்சவர்ணந்தான் எடுத்திருக்கணும்" என்றார்.

சாவடித் தூணுக்குப் பக்கத்தில் 'டப்' என்றது.

அத்தனை பேரும் விரலை மடக்கித் தரையைத் தட்டினார்கள். ஒரே நேரத்தில் தட்டியதால் அது இன்னொரு சத்தம்போலக் கேட்டது. சாவடிக்கு வெளியே புளியும் சாம்பலும் வைத்த வாளியோடு நின்ற பஞ்சவர்ணம், ஐம்பதைத் தாண்டியவள், புருஷனில்லாதவள், வாய்க்கு அஞ்சாதவள், "எந்தக் கையால எடுத்தேன், பாத்தியாய்யா நீ?" என்று கத்தினாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. சத்தம் விழுந்த பிறகு எதிர்ப்பேச்சைக் காதில் வாங்குவது ஊரில் வழக்கமில்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, யாரையும் வெளியே அனுப்பவும் கூடாது, ஆகவே காப்புக்கு முன்னாலேயே அவள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் கண்ணாடிக்கடைக்கு வந்தாள். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்தாள்.

"காகிதத்தச் சுடுறேன் காகிதத்தச் சுடுறேன்னு கடைசில என்னையச் சுட்டுப்புட்டியே தவமணி."

"நான் சொன்னேனாக்கா? சோலைமலைண்ணன் சொன்னாரு."

"அந்தாளு தெனம் நூறு சொல்லுவான், எவன் மதிச்சான்? ஒன் சத்தம் வந்து ஒக்காந்துச்சுல்ல அது மேல. பொறந்தது இங்க, வாக்கப்பட்டது இங்க, தாலியறுத்தது இங்க. எங்க போகச் சொல்ற? உசிலம்பட்டி பஸ்டாண்டுலயா படுக்க?"

தவமணி யோசிக்காமல் பழக்கத்தில் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டாள். பஞ்சவர்ணம் பலகையை ஒரு பார்வை பார்த்து, கடைசிப் பொடி வரிவரைக்கும் மளமளவென்று வாசித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊருக்குத்தான் தெரியல. கெளம்பு" என்றாள்.

சாவடிக்குப் போனார்கள். தவமணி, பேசத் தெரியாதவள் இல்லை, அன்றைக்கு நன்றாகவே பேசினாள். செங்கல் சூளைக்காரர் மருமகன் கல்யாணப் பந்தியிலேயே குடித்துவிட்டு இலை மேல் விழுந்தானே, அவனுக்குக் கெட்ட பழக்கமே இல்லை என்று சத்தம் சொன்னதே, அது என்னவாயிற்று என்றாள்.

"அது சொன்னது செவ்வாக்கெழம தங்கச்சி" என்றார் சோலைமலை. "செவ்வாக்கெழம அவன் குடிக்கல. விசாரிச்சாச்சு."

"மலட்டு மாடு?"

"கறக்கும். நாளாகும்."

"ஐயோ அண்ணே, அது எதையும் சொல்லல. வெறும் சத்தம். நான் காகிதத்தப் பாத்துச் சுட்டேன், அது வழியில எங்கயோ தங்கி வருது, அவ்வளவுதான்."

"ஒனக்கு வெறும் சத்தந்தான். சுடுறவ நீ. வந்து விழுறது எங்க வீட்லல்ல?"

தவமணி தூணை ஓங்கிக் குத்தினாள், இனி சுடவே போவதில்லை, பிஸ்டலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள். மாரிச்சாமி தொண்டையைச் செருமினார். கொடுத்துத்தான் ஆகணும் என்றார், இடைத்தேர்தல் அறிவிச்சாச்சு, லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு நேத்தே தகவல், எலெக்ஷன் முடிஞ்சுதான் கைக்கு வரும். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய ஏட்டு, கணக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "போன ஞாயிறு சுட்டதுல ஒண்ணு இன்னும் வரல. அது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

சாவடி நிமிர்ந்து உட்கார்ந்தது. இனி வெகு நாளைக்குச் சத்தம் கிடையாது, இருப்பது ஒன்றே ஒன்று. சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்படின்னா சரி. நான் நியாயத்துக்கு அஞ்சினவன். காப்புக் கட்டுறதுக்குள்ள அந்தச் சத்தம் வந்து பஞ்சவர்ணம் எடுக்கலன்னு சொல்லட்டும், ஊரே அவ கால்ல விழுகும். சொல்லலையா, அவ போகணும்" என்றார். இதைவிட நியாயமாக யார் பேச முடியும் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தவமணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தாள். காத்திருந்தாள். ஒரு வாரம் சத்தம் வரவில்லை. காப்புக் கட்டுகிற நாளும் வந்தது. சத்தம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது, எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது, ஆகவே எல்லா இடத்திலும் எப்போதும் அந்த ஒரு வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தால்தான் உண்டு என்று அவள் கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே தெருவில் இறங்கினாள். வீடு வீடாக ஏறினாள். "ஒண்ணும் செய்ய வேணாம், ஒங்க பாட்டுக்கு வேலையச் செய்யுங்க, வாய் மட்டும் பஞ்சவர்ணம் எடுக்கல, பஞ்சவர்ணம் எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்" என்று கெஞ்சினாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, மேலக்கரட்டில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்பதில்லை. அதற்கென்ன, சொன்னால் போச்சு என்றார்கள். அவள் வாசலைத் தாண்டும்வரை சொன்னார்கள்.

தாண்டினதும் யோசித்தார்கள். கடைசிச் சத்தம். எப்படியும் வாயைத் திறந்து ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு இருக்கப்போகிறோம், அதைத் தனக்குச் சொன்னால் என்ன? முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தது, எங்க பய பரிச்சையில பாசாயிட்டான் பாசாயிட்டான் என்று ஒருத்தி அம்மியில் அரைத்தபடி சொன்னாள், அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எங்க பயலும் பாசாயிட்டான் என்றாள், சர்க்கரை எறங்கிருச்சு சர்க்கரை எறங்கிருச்சு என்று ஒருவர் காப்பியில் சீனி போட்டபடி சொன்னார், அந்த வரப்பு எங்களோடது என்று அண்ணனும் அந்த வரப்பு எங்களோடது என்று தம்பியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சொன்னார்கள், மழை வந்திருச்சு என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள், அவ என்னைய நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கா என்று முடி வெட்டுகிற இடத்தில் ஒருவன் கண்ணாடியிடம் சொன்னான், நான் செத்தா வலிக்காது என்று கட்டிலில் கிடந்த ஒரு கிழவர் சொன்னார், தெற்குத் தெரு முழுக்க எங்க தெருவுக்கும் சத்தம் வந்திருச்சு வந்திருச்சு என்று சொன்னது, மத்தியானத்துக்குள் ஊர் மொத்தமும் தேனடை மாதிரி இரைந்தது, ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, யாரும் யாரையும் கேட்கவும் இல்லை, கோழி ஆடுகள்கூட மிரண்டு ஓரமாக ஒதுங்கின. தவமணி வீட்டுக்கு வந்து பார்த்தால் சௌந்தரபாண்டி திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "பஞ்சவர்ணம் எடுக்கல, எனக்கு டிரான்ஸ்பர் வரல, பஞ்சவர்ணம் எடுக்கல, எனக்கு டிரான்ஸ்பர் வரல" என்று ஒன்றுவிட்டு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க நீங்களுமா?"

"பாதிக்குப் பாதி சொல்றேன்ல தவம். ஊர்ல வேற யாரு அந்தளவுக்குச் சொல்றா சொல்லு" என்றார், அது உண்மைதான்.

தவமணி மந்தைத் திடலுக்குப் போனாள். கோயில் படியில் பஞ்சவர்ணம் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டை முடிச்சு எதுவும் கட்டவில்லை. காப்புக்கு விளக்குகள் பளிச்சென்று இருக்க வேண்டும், யாரும் அவளிடம் விளக்கை எடுத்துக் கொடுக்கவில்லை, அதனால் சும்மா இருந்தாள். அந்த ஊரில் அன்றைக்கு வாயை மூடியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"நீயாவது சொல்லுக்கா. ஒன் வாயால நீ சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? எடுத்தாத்தானே எடுக்கலன்னு சொல்றதுக்கு? தண்ணி குடி. தொண்ட கரகரங்குது" என்றாள் பஞ்சவர்ணம்.

வெயில் தாழ்ந்தது. கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தீயில் காட்டி விறைப்பேற்றினார்கள். மஞ்சள் தோய்த்த காப்புக் கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு சோலைமலை கோயில் வாசலில் நின்றார், சட்டையில்லாத மார்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அவர் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது, என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை. ஊர் அவரைச் சுற்றி நின்று தன் தன் வார்த்தையைச் சொன்னது. தவமணி கூட்டத்துக்கு நடுவில் நின்று பஞ்சவர்ணம் எடுக்கல, பஞ்சவர்ணம் எடுக்கல என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரும் அந்த வார்த்தையும் அர்த்தம் கழன்றுபோய் வெறும் காற்றாக வருகிற நிலைக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சத்தம் வரவில்லை.

சோலைமலை கையைத் தூக்கினார். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"போதும் தங்கச்சி. பொழுது விழுந்திருச்சு. வர்றதா இருந்தா வந்திருக்கும்."

"இன்னும் கொஞ்ச நேரம்ணே."

"அம்மனக் காக்க வைக்கச் சொல்றியா? சரி, ஒண்ணு கேக்குறேன் பதில் சொல்லு. அவ எடுக்கல எடுக்கலன்னு தொண்ட கிழியக் கத்துறியே, அப்ப யாருதான் எடுத்தா? சுட்டவ நீதான? ஒனக்குத் தெரியாம இருக்குமா? நீயே சொல்லு, யாரு எடுத்தா?"

ஊர் மொத்தமும் அவளைப் பார்த்தது. நல்ல கேள்வி என்று சிலர் தலையை ஆட்டினார்கள். கேள்வி என்ற ஒன்றுக்குப் பயந்து, அதிலிருந்து ஒரு அரைமணி நேரம் தப்பிக்கக் குவாரிவரைக்கும் நடந்தவள், அந்த ஒரு கேள்வியில் கழன்றுபோனாள். சொல்ல வந்ததை விட்டாள். காலையிலிருந்து விடாமல் பிடித்திருந்த வார்த்தையையும் விட்டாள்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கத்தினாள். "ஒங்களுக்குத் தெரியுமா? இந்தா நிக்கிறாங்களே, இவங்களுக்குத் தெரியுமா? சும்மா தெரிஞ்ச மாதிரி பேசிக்கிட்டு! யாரு எடுத்தான்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது!"

கருவறைக்குள், கண்ணில்லாத அம்மன் முகத்துக்கு நேர் முன்னால், 'டப்' என்று வெடித்தது.

பழக்கத்தில் அத்தனை பேரும் குனிந்து விரலை மடக்கித் தரையைத் தட்டினார்கள். தட்டிவிட்டு நிமிர்ந்த பிறகுதான் எதைத் தட்டினோம் என்று ஒவ்வொருவருக்காக உறைத்தது. மருந்து வாடை கற்பூர வாடையோடு கலந்து வாசலுக்கு வந்தது. 

"தெரியாதாம்ல" என்றார் மாரிச்சாமி கடைசியில்.

"யாருக்குமா?"

"ஒருத்தருக்கும்னுதான் சத்தம் விழுந்துச்சு."

"அப்ப எடுத்தவனுக்கு?"

"அவனும் ஊர்க்காரன்தான? அவனுக்கும் தெரியாது."

சத்தம் விழுந்துவிட்டது, மறுபேச்சு இல்லை, சாவடித் தூணில் விழுந்த பழைய சத்தத்தை இது அழித்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதோடு அது நிற்கவில்லை. ஒருத்தருக்கும் தெரியாது என்றால் தனக்கும் தெரியாது, எடுத்தவனுக்கே தெரியாது என்றால் தான் எடுக்கவில்லை என்று தனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிற யோசனை, யார் மனதில் முதலில் வந்ததோ, காற்றில்லாத அந்தச் சாயங்காலத்தில் தலைக்குத் தலை தாவியது. முன்வரிசையில் நின்ற ஒருவர் யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் இடுப்பு வேட்டிச் சுருட்டைத் தடவினார். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள், சுருக்குப்பையைக் கவிழ்த்தார்கள், பிள்ளைகளின் டவுசர் பைக்குள் கையை விட்டார்கள், பூசாரி தன் பூணூலைக்கூட நீவிப் பார்த்தார், சௌந்தரபாண்டி மேல்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார், மேலக்கரட்டு ஊர் மொத்தமும் மந்தையில் நின்று தன்னைத்தானே தடவிக்கொண்டிருந்தது. சோலைமலை தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால், சாவி தொங்குகிற தன் மடியை, பயந்து பயந்து மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

தவமணி எதையும் தடவவில்லை. நிற்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்து, பஞ்சவர்ணத்தின் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

பஞ்சவர்ணம் எழுந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஏறினாள். சோலைமலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், கை இன்னும் மடியில் இருந்தது.

"தடவுனது போதும், நகருய்யா" என்றாள். "வெளக்குத் தேய்க்கணும்."

அவர் நகர்ந்தார்.